கோணல் போட்ட பிச்சை

நீர் மூலக்கூறின் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஓர் ஆக்சிஜன், அதை ஒட்டி இரண்டு ஹைட்ரஜன்கள். மூன்றும் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஹைட்ரஜன்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தங்களுக்கிடையே 104.5 டிகிரி கோணம் விட்டு நிற்கின்றன. எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வது ஆக்சிஜனின் சுபாவம். ஆகவே அதன் பக்கம் கொஞ்சம் எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின் தன்மையும் தங்கிவிடுகின்றன. வேதியியலார் இதை முனைவுறு மூலக்கூறு என்கிறார்கள்.

கார்பன் டை ஆக்சைடிலும் இந்த இழுபறி உண்டு. ஆனால் அது நேரான மூலக்கூறு. இடமும் வலமும் சமமாக இழுக்க, கணக்கு பூஜ்யத்தில் முடிந்துவிடுகிறது. நீர் மூலக்கூறுகளும் அப்படி நேராக இருந்திருந்தால் ஒன்றையொன்று இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்காது. ஹைட்ரஜன் சல்பைடைப் பாருங்கள். நீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமான மூலக்கூறு அது. முனைவு குறைவு, பிடிப்பும் குறைவு; மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. நீரோ 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. கடலும் ஆறும் குடத்துத் தண்ணீரும் அந்தக் கோணல் போட்ட பிச்சை.

அரசியல் மேடையிலும் சினிமாப் பேச்சிலும் ‘இரு துருவங்கள்’ என்றால் முகத்தில் முழிக்காத இருவர். இயற்கையில் இரண்டு முனைகளும் ஒரே உடம்பில்தான் குடியிருக்கின்றன. அவை ஒன்றுபோல் இல்லாததால்தான் அந்த உடம்பு பக்கத்து உடம்போடு சேர முடிகிறது.

தவளையின் முட்டையிலும் இதுதான். மேல்பாதி கறுப்பு, விலங்கு முனை. கீழ்ப்பாதி வெளிர் நிறம், கருவுணவு தேங்கிக் கனக்கும் தாவர முனை. விந்தணு மேல்பாதியில் ஏதோ ஓரிடத்தில் நுழைகிறது. பிறகு முட்டையின் மேலோடு, உள்ளிருப்பதைவிட்டு ஏறக்குறைய 30 டிகிரி நழுவித் திரும்புகிறது. விந்து நுழைந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் பின்னாளில் முதுகாகிறது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும் உருண்டைக்கு முதுகு எது, வயிறு எது என்று யார் சொல்வது?

பூமிக்கு இரு முனைகள் வாய்த்தது அது தன்னைத்தானே சுற்றுவதால். அங்கேயும் ஒரு சாய்வு, 23.4 டிகிரி. அந்த அச்சு நிமிர்ந்து நின்றிருந்தால் துருவத்தில் ஆண்டு முழுக்கச் சூரியன் அடிவானத்தை உரசியபடியே சுற்றிக்கொண்டிருக்கும். ஆறு மாதப் பகல், ஆறு மாத இரவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க அண்டார்டிகாவின் மக்மர்டோ கடற்பகுதிக்குப் போக வேண்டும். அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி. உப்பு இருப்பதால் உறையாமல் கிடக்கிறது. சாதாரண மீனின் இரத்தம் மைனஸ் ஒரு டிகிரியை எட்டும் முன்பே உறைந்துவிடும். ஆகவே அங்குள்ள மீன்கள் நியாயப்படி கட்டையாகிப் போயிருக்க வேண்டும். அவையோ சாவகாசமாக நீந்துகின்றன. நீருக்கு உயிர்ப்பிடிப்பைக் கொடுத்த அதே கோணல்தான் குளிரில் மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்துப் பனிப்படிகமாக்குகிறது. உடம்புக்குள் அந்தப் படிகம் வளர்ந்தால் கதை முடிந்தது.

1960களில் ஆர்தர் டிவ்ரீஸ் என்ற இளம் ஆய்வாளர் இதன் பின்னால் போனார். மீனின் இரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அலானின், அலானின், திரியோனின் என்று மூன்றே அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் எளிய சங்கிலி அது. அதற்கும் நீரோடு ஒட்டும் பக்கம் ஒன்று, ஒட்டாத பக்கம் ஒன்று. இது பனியை உருக்குவதில்லை. உள்ளே நுழைந்துவிட்ட குட்டிப் படிகத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அது மேலும் வளராமல் தடுக்கிறது, அவ்வளவுதான். எதிரியை ஒழிக்காமல் சிறுபிள்ளையாகவே நிறுத்திவைக்கும் இந்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தப் புரதத்துக்கான மரபணு, கணையத்தில் சுரக்கும் ஒரு செரிமானப் புரதத்தின் மரபணுத் துண்டிலிருந்து கிளைத்தது என்று 1997இல் டிவ்ரீஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலகின் மறுகோடியில், வடதுருவக் கடலில் வாழும் ஆர்க்டிக் காட் மீனின் இரத்தத்திலும் ஏறத்தாழ இதே புரதம் ஓடுகிறது. நெருங்கிய உறவு என்று சொல்ல இரண்டுக்கும் இடையே எதுவும் இல்லை. காட் மீனின் மரபணு அந்தச் செரிமானப் புரதத்திலிருந்து வந்ததும் அல்ல. முற்றிலும் வேறோர் இடத்தில், தனியாக முளைத்தது.