எந்தக் குறை வேண்டும்?

ரேடியோ செய்தவர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதைத்தான் கிட்டார்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அளவுக்கு மீறிய ஒலி உள்ளே வந்தால், அதைப் பெருக்கும் கண்ணாடி வால்வு அலையின் உச்சியை மழுக்கிவிடும். ரேடியோவில் அது கோளாறு. கிட்டாருக்கு அந்தக் கரகரப்புதான் உயிர்.

என்னிடம் இருப்பது, கலிஃபோர்னியாவில் ஃபெண்டர் நிறுவனம் 1950களின் பிற்பகுதியில் செய்த ட்வீட் டீலக்ஸ் ஆம்ப்ளிஃபையரின் நகல். ஐந்து வால்வுகள். கிட்டாரின் மெல்லிய மின்துடிப்பு முதலில் நுழைவது 12ஏஒய்7-இல். அதன் பெருக்கக் காரணி 40-க்குச் சற்று மேல். அதே சாக்கெட்டில் 12ஏஎக்ஸ்7-ஐயும் செருகலாம், அதற்கு 100. செருகினால் வால்யூமைக் கொஞ்சம் திருகியதுமே உறுமல் வந்துவிடும். "கத்தறதுக்குத்தானேடா வாங்கினே?" என்பான் நண்பன். எனக்கு 12ஏஒய்7 போதும். மெதுவாக மீட்டினால் தெளிவாக இருக்கிறது, அழுத்தி மீட்டினால் உடைகிறது. எப்போது உடையவேண்டும் என்பதை விரல் முடிவு செய்கிறது.

வீடு, வேலை, சிநேகிதம் எதைத் தேடினாலும் நிறைகளைத்தான் எண்ணிப் பார்க்கிறோம். நிறைகள் சீக்கிரம் பழகிப்போய்விடும். அப்புறம் தினமும் உறுத்துவதும், சில சமயம் நம்மைக் கட்டிப்போடுவதும் குறைகள்தான். அதனால் இப்போதெல்லாம் அவற்றை முதலிலேயே விசாரித்துவிடுகிறேன்.

வால்வுகளிலும் அப்படித்தான். ஏசியை டிசியாக்கும் 5ஒய்3 வால்வைப் பாருங்கள். ஒரு கார்டை ஓங்கி அடித்தால் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். ஒலி ஒரு கணம் பம்மி, பிறகு மெல்ல எழும். இந்தத் தடுமாற்றம் பிடிக்காதவர்கள் ஜிஇசட்34 போடுவார்கள். ஒலி விறைப்பாக நிற்கும். ஆனால் கூடுதல் மின்னழுத்தம் அடுத்திருக்கும், ஸ்பீக்கரை இயக்கும் 6வி6 வால்வுகளின் தலையில் விழும், அவற்றின் ஆயுள் குறையும்.

பழைய சரக்குப் பித்து தனிக் கதை. இங்கிலாந்தில் பிளாக்பர்னில் செய்த முல்லார்டு, அடிக்கண்ணாடியில் வைர முத்திரை பதித்த டெலிஃபுங்கன் என்று வாங்கிச் சேர்க்கிறார்கள். இன்று வால்வுகள் வருவது ஸ்லோவாக்கியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும். ரஷ்யாவின் சராடோவ் ஆலையில் செய்த வால்விலேயே 'முல்லார்டு' என்று அச்சிட்டும் விற்கிறார்கள். நல்ல பழைய வால்வு நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அணைத்து, ஆறவிட்டு, மாற்றி, மறுபடி சூடேறுவதற்குள் முந்தைய ஒலி காதிலிருந்து போய்விடுகிறது. அந்த ஞாபகத்தை நம்பிப் பெரிய தொகை கொடுக்க எனக்கு மனசில்லை. என் பரிசோதனை சிக்கனமானது. மரப் பென்சிலால் கண்ணாடியை லேசாகத் தட்டுவேன். ஸ்பீக்கரில் 'டங்' என்று பலமாக எதிரொலித்தால் அந்த வால்வு முதல் சாக்கெட்டுக்கு ஆகாது.

6வி6-கள் விஷயத்தில்தான் இழுபறி. ஒரே அளவு மின்னோட்டம் எடுப்பவையாகப் பார்த்து ஜோடியாக விற்கிறார்கள். பொருந்திய ஜோடி, தாம் உண்டாக்கும் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளைத் தமக்குள்ளேயே தீர்த்துவிடும். பொருந்தாத ஜோடியில் அவை கொஞ்சம் தங்கும்; அதுவே இனிமை என்பவர்களும் உண்டு. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிக்கொண்ட என் நண்பன் இதில் கருத்துச் சொல்வதில்லை. என்னுடைய ஜோடியில் ஒன்று தளர்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றிவிட்டு, இன்னொன்றைப் பழையபடியே பக்கத்தில் விட்டிருக்கிறேன். ஹம் சற்றுக் கூடியிருக்கிறது. வாசிக்கத் தொடங்கினால் தெரிவதில்லை.