தேடிச் செல்லும் துன்பம்

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது என்று பலரும் கூறுவதுண்டு. ஒருவன் தானே தேடிச் செல்லும் துன்பமும், தேடாமலே வந்து சேரும் துன்பமும் ஒரே பயனைத் தருமா என்ற கேள்வி மட்டும் அதிகம் கேட்கப்படுவதில்லை.

மெக்சிகோ நாட்டின் மிச்சோவாகன் மாநிலத்தில் பரிகூட்டின் என்ற எரிமலை இருக்கிறது. அதன் அடிவாரத்திற்கு மோட்டார் சைக்கிளில் செல்வதை ஒரு சாகசமாகக் கொண்டோர் உண்டு. புரெபேச்சா மக்கள் வாழும் அங்காவான் கிராமத்தைத் தாண்டினால் நல்ல சாலை இல்லை. பைன் மரக் காடுகளுக்கிடையே கரிய எரிமலை மணல் பரந்து கிடக்கிறது. அதில் சக்கரம் புதைகிறது. வண்டியின் முன்பகுதி இங்குமங்கும் அலைகிறது. அஞ்சிக் கைப்பிடியை இறுகப் பற்றுபவன் பெரும்பாலும் விழுந்துவிடுகிறான். எழுந்து நின்று, உடலின் பாரத்தைப் பின்னே சாய்த்து, பிடியைச் சற்றுத் தளர்த்தி, வேகம் குன்றாமல் செலுத்துபவன் கடந்துவிடுகிறான். சாகசம்தான் என்றாலும் இதுவும் ஒரு பயிற்சியே.

அவர்கள் காணச் செல்வது சான் ஹுவான் பரங்கரிக்குதிரோ என்ற பழைய ஊரின் தேவாலயத்தை. 1943 பிப்ரவரி 20 அன்று தியோனிசியோ புலிடோ என்ற விவசாயியின் சோள வயலில் நிலம் பிளந்து புகை எழுந்தது. ஓராண்டுக்குள் அங்கே 300 மீட்டருக்கும் உயரமான மலை நின்றது. 1952 வரை அது அடங்கவில்லை. எரிமலைக் குழம்பு மெல்ல நகர்ந்ததால் அதில் சிக்கி எவரும் மாளவில்லை. ஆனால் சாம்பல் மேகத்தில் தோன்றிய மின்னல் மூவரைக் கொன்றது. பரிகூட்டின், சான் ஹுவான் ஆகிய இரண்டு ஊர்களும் புதைந்தன.

மோட்டார் சைக்கிளில் செல்பவன் களைத்தால் திரும்பிவிடலாம். புலிடோவுக்குத் திரும்பிச் செல்ல வயலே இல்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அப்படியானால் தானாக ஏற்கும் துன்பமெல்லாம் வெறும் விளையாட்டா? அவ்வாறு முடிவுகட்டினால் உபவாசமும் விரதமும் பொருளற்றவையாகிவிடும். சமையலறையில் உணவு இருப்பதை அறிந்துதானே சாதகன் பட்டினி கிடக்கிறான்! குறை வேறிடத்தில் உள்ளது. தேடிச் சென்ற துன்பத்திற்கு அளவு வகுப்பவன் அவனே. அதனால் அதன் முடிவில் 'நான் வென்றேன்' என்ற எண்ணம் எளிதில் தலைதூக்குகிறது. விரதம் இருப்போரும் இதற்கு விலக்கல்லர். சில வேளைகளில் அவர்களிடம் இது இன்னும் நுட்பமாக ஒளிந்திருக்கும்.

சான் ஹுவான் மக்களுக்கு அத்தகைய வெற்றி எதுவும் கிடைக்கவில்லை. குழம்பு ஊரை அடைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று; அந்தக் காலம் முழுவதும் எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வீடும் வயலும் முன்னோரின் கல்லறைகளும் எடுத்துச் செல்லக் கூடியவை அல்ல. 1944 மே மாதம், தாங்கள் வழிபட்ட இயேசுவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு அவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். பிடியைத் தளர்த்துவது அவர்களுக்குப் பயிற்சியாக வரவில்லை. ஒரே தடவையில், வாழ்வு முழுவதற்குமாகச் செய்ய வேண்டியதாயிற்று. மணலில் கற்ற பாடம் அத்தகைய நாளில் ஒருவனுக்குக் கைகொடுக்குமா என்பதை அந்த நாள் வந்தால்தான் சொல்ல முடியும். ஆயினும் ஒருமுறைகூடப் பிடியைத் தளர்த்திப் பழகாதவனைவிட அவன் சற்றே ஆயத்தமானவன் எனலாம்.

தேவாலயத்தைச் சூழ்ந்து உறைந்து கிடக்கும் பாறைகள் கூரியவை. மோட்டார் சைக்கிள் அங்கே ஏறாது. வந்தவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, கைகளாலும் கால்களாலும் ஏறி இறங்கித்தான் எஞ்சி நிற்கும் கோபுரத்தையும், குழம்பு தீண்டாமல் விட்ட பலிபீடத்தையும் காண்கிறார்கள். பீடத்தில் இருந்த திருவுருவம் இப்போது புதிய சான் ஹுவான் ஊரில் வழிபடப்படுகிறது.