பொறுத்தல் யாது?

தமிழில் பொறுத்தல் என்னும் சொல் மூன்று செயல்களைக் குறிக்கும். பாரத்தைத் தாங்குதல் பொறுத்தல். தக்க காலம் வரும்வரை காத்திருத்தல் பொறுத்தல். செய்த பிழையை மன்னித்தலும் பொறுத்தலே. ஆனால் மலையேற்றம், நெடுந்தூர ஓட்டம், கடல் நீச்சல் முதலிய அருஞ்செயல்களில் இறங்கும் நம் வாலிபர்கள் இவற்றுள் முதற்பொருளை மட்டுமே பயில்கின்றனர். மற்ற இரண்டையும் அறியாமையால், உடல் ஊறுபட்ட நாளில் அவர்கள் அடையும் இடர் பெரிது. ஊறுபட்டவன் வலியைத் தாங்கி முன்செல்வது வீரமா, நின்று காத்திருப்பது வீரமா என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

நண்பர் ஒருவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது கோலாலம்பூரில் கணக்கர் வேலை பார்ப்பவர். சபாவில் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் கினபாலு மலையின் உச்சியை மிதிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஞாயிறுதோறும் விடியற்காலையில், பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் சுமந்து, பத்துமலையின் 272 படிகளையும் பலமுறை ஏறி இறங்கினார். மற்ற நாட்களில் ஓடினார். மூன்றாம் மாதத்தில் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஓரிடத்தில் வலி கண்டது. மருத்துவர் சோதித்து, எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறது, எட்டு வாரம் ஓட்டமும் சுமையும் கூடா என்றார். நண்பரோ, "இந்தச் சிறு வலியைப் பொறுக்க மாட்டாதவன் மலையை எப்படி ஏறுவான்?" என்று நகைத்துவிட்டு, அடுத்த ஞாயிறும் பையைத் தூக்கினார். விரிசல் பெருகிற்று. ஊன்றுகோலின்றி நடக்கவியலாத நிலை வந்தது. உடனே மனம் உடைந்து, "எல்லாம் போயிற்று" என்று கட்டிலில் சாய்ந்தவர் ஒரு மாதம் எழவில்லை.

இவர் செய்த பிழைகள் இரண்டு. முதலில் எல்லை கடந்து உழைத்தார். பின்பு எல்லை கடந்து ஓய்ந்தார். ஒன்றுக்கொன்று எதிரானவைபோல் தோன்றும் இவ்விரண்டும் பொறுமையின்மை என்னும் ஒரே வேரில் முளைத்தவையே.

முதற்பிழையை நோக்குவோம். எலும்பு உயிருள்ள பொருள். அதன்மேல் புதிய பாரம் ஏறும்போது, உடல் பழைய எலும்பைச் சிறிது சிறிதாக அரித்து எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. சாலை போடுவோர் பழைய தளத்தைப் பெயர்த்த பின்னரன்றோ புதிய தளம் இடுகின்றனர்? அந்த இடைக்காலத்தில் பாரவண்டியை ஓட்டினால் சாலை என்னாகும்? எலும்பும் அத்தகையதே. மேலும், பயிற்சியால் மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே வலுவடைகின்றன. தசைநாண்களும் எலும்பும் வலுவடையப் பல மாதங்கள் ஆகின்றன. மூச்சு முந்திக்கொண்டு "போகலாம்" என்கிறது. எலும்பு பின்தங்கி "பொறு" என்கிறது. பயிற்சிக்கு மறுநாள் தசை முழுதும் பரவி, இரண்டு மூன்று நாட்களில் தானே தணியும் நோவு வேறு; எலும்பில் ஓரிடத்தைப் பற்றி, நாளுக்கு நாள் மிகுந்து, படுத்திருக்கும்போதும் வருத்தும் வலி வேறு. முன்னது உழைப்பின் கூலி. பின்னது உடலின் எச்சரிக்கை. எச்சரிக்கையைக் கேளாதிருத்தல் வீரமன்று, செவிடாயிருத்தலே.

இரண்டாம் பிழை இதனினும் நுட்பமானது. காயம் பட்டால் அசையாமல் கிடப்பதே மருந்து என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தனர். உழைக்கும்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் அவர்களின் ஆற்றல் கால்பங்குக்குமேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிதென்று தெரிந்தது! ஆகவே ஓய்வு வேண்டுவது புண்பட்ட உறுப்புக்கே. முழு மனிதனுக்கு அன்று. கால் முறிந்தவனுக்குக் கைகள் உண்டு. மருத்துவர் இசைந்தால் நீந்தலாம், அமர்ந்தபடியே எடை தூக்கலாம். 1894ஆம் ஆண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்சர் என்பவர், ஒரு கைக்கு அளித்த பயிற்சியால் பயிற்சி பெறாத மறுகையும் வலிமை பெறுவதைக் கண்டறிந்தார். நல்ல கால் உழைத்தால் நோயுற்ற காலும் சிறிது பயன் பெறும் என்பதன்றோ இதன் பொருள்?

காத்திருத்தலின் பெருமைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1998ஆம் ஆண்டில் எவரெஸ்ட் மலையேறிய முதல் சிங்கப்பூர்க் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் லிம். உயர்ந்த மலையில்லாத நாட்டில் அக்குழுவினர் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளையே மலையாகக் கொண்டு பயின்றனர். ஊர் திரும்பிய சில நாட்களில், கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் லிம்மைத் தாக்கி அவருடைய உடலை முடக்கிற்று. பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து, குழந்தையைப் போல நடக்கப் பழகி, காலில் நீங்காத குறை தங்கியும் அவர் மீண்டும் உயர்மலைகளை நாடிச் சென்றார். அவருடைய வாழ்க்கையில் பெரிய ஏற்றம் எது? எவரெஸ்டின் சரிவில் வைத்த அடிகளா, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வைத்த அடிகளா?

இங்கு ஓர் அறவினா எழுகிறது. நம் பாட்டன்மார் ரப்பர்த் தோட்டங்களில் வீங்கிய காலோடும் மரம் வெட்டச் சென்றனர். பெரட்டுக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. கூலி இல்லையேல் வீட்டில் உலை இல்லை. அவர்கள் வலியைத் தாங்கியது விருப்பத்தால் அன்று, வேறு வழியின்மையால். அத்துயரை நீக்கவே நெடுநாள் போராட்டங்கள் நடந்தன. மலேசியாவில் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலையில் காயமுற்றவன் மருத்துவர் விதித்த நாட்களில் உதவித்தொகை பெற்று ஓய்ந்திருக்க வழிசெய்தது. பாட்டன் பெறாத அந்த ஓய்வைப் பேரன் கையில் வைத்துக்கொண்டு, அதை இழிவென்று எறிவது தகுமா? வற்புறுத்தலால் பிறந்த துன்பத்தை வீரமென்று போற்றி, தானே தன் உடலுக்குக் கங்காணியாகி அதை விரட்டுவது விடுதலையா? சிந்திக்க வேண்டும்.

இனிப் பொறுத்தலின் மூன்றாம் பொருளுக்கு வருவோம். ஊறுபட்டவன் தன் உடலைப் பகைவனாக நினைக்கிறான்; "நீ என்னை ஏமாற்றிவிட்டாய்" என்று கடிகிறான். உண்மையில் ஏமாற்றியது உடலன்று. அது தாங்குமளவும் தாங்கிப் பின்னரே விரிந்தது. அதை அவன் மன்னித்தாக வேண்டும். மதியாது விரட்டிய தன்னையும் மன்னித்தாக வேண்டும். இவ்விரு மன்னிப்பும் கைகூடியவனே நாளை மலையடிவாரத்தில் தெளிந்த மனத்தோடு நிற்பான். முடியாதென்று கண்டால் பாதி வழியில் வெட்கமின்றித் திரும்பவும் அவனால் இயலும்.

நண்பர் இப்போது தேறி வருகிறார். கட்டிலிலிருந்து எழுந்து முதலில் நீந்தினார். பின்பு சமதரையில் நடந்தார். சென்ற மாதம் மீண்டும் பத்துமலைக்குச் சென்றபோது, மருத்துவர் அனுமதித்த நூறு படிகள் வரை, சுமையின்றி ஏறினார். கால் நோகவில்லை, மூச்சும் வாங்கவில்லை, மீதமிருந்த படிகள் கண்ணெதிரே நின்றன. ஆயினும் நூறாவது படியில் நின்று, ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு, இறங்கி வந்தார்.

அரிசிப் பையைச் சுமந்து 272 படிகள் ஏறிய நாட்களைக் காட்டிலும், அன்றுதான் அவர் மிகுதியாகப் பொறுத்தார் என்பேன்.