ஏழை சொல்லும் அம்பலமும்

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தனி மனிதர்க்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் இது பொருந்தும் என்றே பலரும் எண்ணுகின்றனர். படையும் பொன்னும் உடைய நாடுகள் பேசும், மற்றவை கேட்டிருக்கும், இதுவே உலகியல் என்பர். இக்கூற்று முற்றும் உண்மைதானா என்பதை ஒரு வழக்கின் வாயிலாக ஆராய்வோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரைகளையும் பற்றிக் கிடக்கும் மெல்லிய நிலத்துண்டே காம்பியா. பரப்பு ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஏறத்தாழ 25 இலட்சம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்நாட்டின் முதன்மையான விளைபொருள் நிலக்கடலை. 22 ஆண்டுக்காலக் கொடுங்கோலாட்சியிலிருந்து 2017ஆம் ஆண்டில்தான் அது விடுபட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில், நம் முன்னோர் பலர் வணிகம் செய்து வாழ்ந்த பர்மாவின், இன்றைய மியான்மரின், அரக்கான் பகுதியில் இராணுவத்தின் கொடுமை கட்டவிழ்ந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினர். முஸ்லிம் நாடுகளில் எண்ணெய் வளம் கொழிப்பன உண்டு. அணுகுண்டு உடையதும் உண்டு. கண்டனங்களும் பல எழுந்தன. ஆயின் நீதிமன்றத்தின் படியேறியது காம்பியா ஒன்றே.

காம்பியாவின் அப்போதைய நீதியமைச்சர் அபூபக்கர் தம்பாது முன்னர் ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளில் அரசுத்தரப்பு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். 2018ஆம் ஆண்டில் அகதி முகாம்களைக் கண்ட அவர், ருவாண்டாவில் நிகழ்ந்ததன் சாயலை அங்கே உணர்ந்தார். இஸ்லாமிய நாடுகள் கூட்டமைப்பின் ஆதரவோடு, 2019 நவம்பர் 11 அன்று காம்பியா தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இனப்படுகொலையைத் தடுக்க 1948இல் உருவான உடன்படிக்கையில் இரு நாடுகளும் கட்டுண்டிருந்ததே அதற்கு வாய்த்த கருவி. நோபல் பரிசு பெற்ற ஆங் சான் சூச்சியே அவ்வாண்டு டிசம்பரில் நேரில் வந்து விடையிறுக்க நேர்ந்தது. ரோஹிங்கியாக்களைக் காக்கவும், சான்றுகள் அழியாது பேணவும் 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக ஆணையிட்டனர்.

மியான்மர் எழுப்பிய தடை ஒன்று நம் சிந்தனைக்குரியது. ரோஹிங்கியாக்களுக்கு நேர்ந்ததால் காம்பியாவுக்கு விளைந்த தீங்கு யாது? பாதிக்கப்படாத நாட்டுக்கு வழக்காட உரிமை ஏது? சுருங்கச் சொன்னால், "உனக்கென்ன?" என்பதே கேள்வி. 2022 ஜூலை 22 அன்று 15 நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக அத்தடை தள்ளுபடியாயிற்று. ஓர் இனத்தை அழிக்காதிருக்கும் கடமை உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. ஆதலால் அவற்றுள் எந்த நாடும் அதைக் கேட்கலாம் என்றது மன்றம். 2023 நவம்பரில் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி போன்ற பெரிய நாடுகளும், சிறிய மாலத்தீவும் இவ்வழக்கில் தம் கருத்துரைக்க முன்வந்தன. வழி திறந்தது சிறியது; பெரியன பின்னே வந்தன.

இதனால் அகதிகள் வீடு திரும்பினரா எனக் கேட்பின், இல்லை என்பதே விடை. முகாம்களில் இன்னும் இலட்சக்கணக்கானோர் வாடுகின்றனர். ஆணையை நிறைவேற்றும் படை நீதிமன்றத்துக்கு இல்லை. 2021 பிப்ரவரியில் மியான்மர் ஆட்சியையே இராணுவம் கைப்பற்றிக்கொண்டது. இக்குறைகளை மறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும், நடந்த கொடுமை வெறும் வதந்தி எனத் தள்ளப்படாமல், விசாரணைக்குரிய குற்றச்சாட்டாக உலகின் ஏட்டில் ஏறிவிட்டது. இது சிறு பயனன்று.

தீமையைக் கையால் தடுக்க வேண்டும், இயலாதவன் நாவால், அதுவும் இயலாதவன் உள்ளத்தால் வெறுக்க வேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை நாம் அறிவோம். கை வலிமை இல்லை என்பதைக் காட்டி நாவின் கடமையையும் உதறிவிட்டு, மூன்றாம் படியில் அமர்ந்து ஆறுதல் கொள்வதே நம்மில் பலரின் வழக்கம். காம்பியாவுக்கும் கை வலிமை இல்லை. ஆயினும் தன் நாவு இரண்டாம் படிக்குப் போதுமானது என அது கண்டுகொண்டது.

ஏழை சொல் அம்பலம் ஏறாமற் போவது, பல வேளைகளில், ஏழை அம்பலத்துக்கே செல்லாமையால்தான். நம் தெருவில், நம் ஜமாஅத்தில் ஒருவனுக்கு அநீதி நேரும்போது "நமக்கென்ன?" என்று ஒதுங்குகின்ற நாம், நம்மைச் சிறியவர் என்று சொல்லித் தப்ப இயலுமா? எண்ணிப் பார்ப்போமாக.