மூடிய கதவின் முன் ஓர் இளைஞர்

ஒருவர் தம் நம்பிக்கைக்காக வருந்தி உழைக்கிறார் என்பதனாலேயே அந்நம்பிக்கை உண்மையாகிவிடுமா? அது உண்மையன்று என நாம் உறுதியாகக் கொள்ளும்போது, அவரது உழைப்பு நமக்குப் பொருளற்றதாகிவிடுமா?

முதல் வினாவுக்கு விடை எளிது. புனித அகுஸ்தினார் தம் காலத்துப் பிரிவினையாளரோடு வாதிட்டபோது, ஒருவரை மறைசாட்சியாக்குவது அவர் படும் துன்பமன்று, அவர் எதற்காகத் துன்புறுகிறார் என்பதே எனத் தெளிவுபடுத்தினார். நம் மனசாட்சியைத் தொடுவது இரண்டாம் வினாவே. அதனை ஓர் இளைஞரின் வாழ்வோடு பொருத்தி ஆராய்வோம்.

1966 ஜூலையில் பத்தொன்பது வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் பிரான்சு நாட்டின் லெ ஆவ்ர் துறைமுக நகருக்கு வந்து சேர்ந்தார். பெயர் மிட் ராம்னி. தந்தை மிச்சிகன் மாநில ஆளுநர். மகனோ ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துவிட்டு, படிப்பை நிறுத்தி வைத்து, தம் சபையின் மறைப்பணியாளராகப் புறப்பட்டவர். 2012-இல் அவர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவார் என்று அன்று யார் அறிவார்? நெருக்கடியான அறையில், குறைந்த செலவில், வீடு வீடாகக் கதவைத் தட்டும் பல இளைஞருள் அவரும் ஒருவர், அவ்வளவே.

அவரது சபை 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் நிறுவியது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் பெயர். மார்மன் சபை என்றே உலகம் அதை அறியும். இளைஞர் தம் வாழ்வில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளை மறைப்பணிக்கு அளிப்பது அங்கே மரபு. ராம்னி முப்பது மாதங்கள் பணியாற்றினார். 2012-இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயது பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. எந்த நாட்டுக்குச் செல்வது என்பதை இளைஞர் தேர்ந்தெடுப்பதில்லை. சபை அனுப்பும் இடத்துக்குச் செல்கிறார். செலவின் பெரும்பகுதியை அவரும் அவர் குடும்பத்தாருமே ஏற்கின்றனர். எங்கும் இருவர் இருவராகவே செல்ல வேண்டும். வாரந்தோறும் வீட்டாரோடு பேசும் அனுமதி 2019-இல்தான் கிடைத்தது.

லெ ஆவ்ர் எத்தகைய நகர்? 1944 செப்டம்பரில் நேச நாடுகளின் குண்டுவீச்சால் அதன் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று. பின்னர் கட்டடக் கலைஞர் ஒகுஸ்த் பெரே அதனைக் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பினார். போரில் மாண்டோரின் நினைவாக எழுந்த புனித சூசையப்பர் ஆலயத்தின் கோபுரம் 107 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ராம்னி வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், நேட்டோவின் கூட்டுப் படைத் தலைமையிலிருந்து பிரான்சு விலகுவதாக தெகோல் அறிவித்திருந்தார். வியட்நாம் போரால் அமெரிக்கர்மீது மக்களுக்குச் சினம் இருந்தது. இத்தகைய ஊரில், திராட்சை இரசமும் காப்பியும் பருகாத ஓர் அமெரிக்கச் சிறுவர், பழகாத பிரெஞ்சு மொழியில் சமயம் பேசினால் வரவேற்பு எப்படியிருக்கும்? கதவுகள் மூடின. தொடக்கத்தில் தாம் மனந்தளர்ந்ததாகவும், தம் முயற்சிகளுள் பெரும்பாலானவை புறக்கணிக்கப்பட்ட காலம் வாழ்வில் அது ஒன்றே என்றும் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முப்பது மாதங்களில் தம்மால் சபையில் சேர்ந்தவர் பத்து முதல் இருபது பேர் இருக்கலாம் என்பது அவரது கணிப்பு.

மூடிய ஒவ்வொரு கதவும் அந்த இளைஞரிடம் கேட்டிருக்கும்: "இந்த நம்பிக்கை உன்னுடையதா, உன் தந்தையுடையதா?" மறைப்பணியில் ஒருவரின் நம்பிக்கை ஆவியாகிப் போகும், அல்லது ஆழமாகும் என்றும், தமக்கு அது ஆழமாயிற்று என்றும் அவர் கூறியிருக்கிறார். குடும்பமும் சமூகமும் எதிர்பார்ப்பதால் செய்யும் காணிக்கை உண்மையில் தன்னுரிமையோடு செய்யப்படுவதுதானா என்று சிலர் ஐயுறலாம். நியாயமான ஐயமே. தாயின் நேர்ச்சையால் குருமடம் புகுந்த பிள்ளைகளை நாமும் அறிவோம். எதிர்பார்ப்பு ஓர் இளைஞரை முதல் வாயில்வரை கொண்டுவந்து நிறுத்தலாம். ஒன்பது கதவுகள் மூடியபின் பத்தாவது கதவைத் தட்டுவதா, திரும்பிப் போவதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். மரபாகப் பெற்ற விசுவாசம் அங்கேதான் சொந்தமாகிறது.

இனிக் கதவின் உட்புறம் நிற்பவரைப் பார்ப்போம். லெ ஆவ்ரில் அவர் பெரும்பாலும் கத்தோலிக்கரே. ஆகவே அது நம் இடம். ராம்னி வந்திறங்குவதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. தம் நம்பிக்கையைச் சொல்லாலும் எழுத்தாலும் அறிவிக்கச் சமயக் குழுக்களுக்கு உரிமை உண்டு. வற்புறுத்தலும் நேர்மையற்ற தூண்டுதலும், சிறப்பாக எளியோரிடத்தும் கல்வியறிவு குறைந்தோரிடத்தும், கூடா என்பது அதன் போதனை. அதே திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், 2001 ஜூன் 5 அன்று, மார்மன் சபையின் திருமுழுக்கு செல்லாது என்றும் தெளிவாக அறிவித்தது. தந்தை, மகன், தூய ஆவியார் என்னும் சொற்கள் அங்கும் உண்டு. ஆயின் மூவொரு இறைவனைப் பற்றிய நம் விசுவாசம் அங்கில்லை.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. வந்தவரின் உரிமையை மதிப்பதற்காக, "எல்லாம் ஒன்றுதான், தம்பி" என்று பொய்யாகத் தலையசைக்க வேண்டியதில்லை. அது அவரது உழைப்பையே அவமதிப்பதாகும். உண்மையைக் காப்பதற்காக அவர் முகத்தில் கதவை அறைய வேண்டியதும் இல்லை. "உங்கள் போதனையை எங்களால் ஏற்க இயலாது" என்று அமைதியாகச் சொல்லலாம். நீண்ட உரையாடலை மறுப்பதும் நம் உரிமையே. ஆனால் வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் தர மறுக்க, எந்தக் கோட்பாடும் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

"இப்படிக் கதவைத் திறந்தால் விசுவாசத்தில் தளர்ந்தோர் வழிதவற மாட்டார்களா?" என்ற கவலை எழலாம். அது நல்ல மேய்ப்பருக்குரிய கவலையே. எனினும் தளர்ந்த விசுவாசத்தைத் தாழ்ப்பாள் காக்காது. தாம் செபிப்பது ஏன், திருப்பலியில் பங்கேற்பது ஏன் என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறோமா? அதுவன்றோ அவர்களுக்குக் காவல்?

ஆண்டவரும் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார்; அவர்களும் அயலார் இட்ட உணவை உண்டனர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், பிறர் துணையோடு தமிழில் பெயர்த்த மன்றாட்டுகளை மனப்பாடம் செய்தே போதித்தார். பழகாத நாவிலிருந்து வந்த அத்தமிழைப் பொறுமையோடு கேட்டவர்கள் நம் முன்னோர். அதனை நாம் மறத்தல் தகுமோ?

ஆகவே, அந்த இளைஞரின் உழைப்பு அவரது கோட்பாட்டுக்குச் சான்றாகாது. ஆனால் நம்மை நோக்கிய வினாவாகிறது. முழு உண்மையைப் பெற்றிருக்கிறோம் என்று அறிக்கையிடும் நாம், அதற்காக நம் வாழ்வின் இரண்டு ஆண்டுகளையல்ல, வாரத்தின் இரண்டு மணி நேரத்தையாவது அளித்திருக்கிறோமா? நம் தெருவில் நோயுற்றிருப்பவரின் கதவை இம்மாதம் ஒருமுறையேனும் தட்டியிருக்கிறோமா? இவ்வினாக்களுக்கு நாம் ஒவ்வொருவரும் நம் இல்லத்தில், நம் பங்கில் விடை தேடுவோம்.