அறிந்தவர் செய்ய வேண்டிய தானம்



ஆன்மிகம் விளங்கும் இடம் எது என்று கேட்டால், கோயிலையும் தியான மண்டபத்தையும் உடனே சுட்டிக்காட்டுவோம். சந்தையையும் மருத்துவமனையையும் சுட்டுவோர் மிகச் சிலரே. ஆயினும், எளிய மனிதர் பெருங்கலக்கத்துடன் நிற்கும் இடங்கள் இவ்விரண்டுமே ஆகும். சந்தையில் உழவர் பல மாத உழைப்பின் பயனைக் கையில் ஏந்தி நிற்கிறார். மருத்துவமனையில் நோயாளி தமது உயிரையே பிறர் கையில் ஒப்படைத்து நிற்கிறார். எதிரே இருப்பவருக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியாது. விலையை வியாபாரி அறிவார்; நோயை மருத்துவர் அறிவார். அறிந்தவர் அறியாதவரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய ஆன்மிகத்தை அளந்துவிடலாம்.

அறியாமையால் விளையும் இழப்பு எத்தகையது என்பதற்குக் கேரளக் கடற்கரையிலிருந்து ஒரு சான்று உண்டு. 1997-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் கோழிக்கோடு மாவட்டத்தின் வடகரையில் 11 மீனவர்கள் நிறைய மத்தி மீனுடன் கரை சேர்ந்தனர். அங்கே வாங்குவோர் எவரும் இல்லை. பிடித்த மீன் வீணாயிற்று. அதே காலையில், 15 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையுடன் திரும்ப இருந்தனர். கடல் அன்று வஞ்சிக்கவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. ஒருவருடைய தேவை மற்றவருக்குத் தெரியாமற்போனதே குறை.

பொருளியல் அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் அப்பகுதியில் பிடிபட்ட மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகி வந்தது. 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடலோர மாவட்டங்களுக்குச் செல்பேசி படிப்படியாக வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டறிந்தனர். வீணாவது ஏறக்குறைய முற்றிலும் நின்றது. மீனவர்களின் ஆதாயம் சுமார் 8 சதவீதம் உயர்ந்தது. வாங்கியவர்கள் கொடுத்த விலையோ சுமார் 4 சதவீதம் குறைந்தது. விற்றவரும் வாழ்ந்தார், வாங்கியவரும் வாழ்ந்தார். கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி ஒன்றே என்று நம் பெரியோர் கூறியதன் உண்மை இங்கே கண்கூடாக விளங்குகிறது.

அவ்வாறாயின், செல்பேசி ஒன்று கைக்கு வந்துவிட்டால் போதுமா? போதாது. மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில், பயிர் விலையையும் வானிலையையும் குறுஞ்செய்தியாக அனுப்பி மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அச்செய்திகளைப் பெற்ற உழவர்களுக்குக் கிடைத்த விலை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்பதே அதன் முடிவு. மத்தியப் பிரதேசத்தில் நிலைமை வேறு. அங்கே 2000-ஆம் ஆண்டு முதல் சோயா பயிரிடும் கிராமங்களில் கணினி மையங்கள் நிறுவப்பட்டன. விலையைத் தெரிவித்ததோடு, உழவர்களிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்யவும் வழி செய்யப்பட்டது. அப்பகுதிச் சந்தைகளில் சோயா விலை 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்ததாக 2010-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். கடன் கொடுத்த தரகரிடமே விளைச்சலை ஒப்படைக்க வேண்டிய நிலையில் உள்ள உழவருக்கு அடுத்த மண்டியின் விலை தெரிந்து என்ன பயன்? பூட்டிய அறைக்குள் இருப்பவரிடம் வெளியே வெளிச்சம் இருக்கிறது என்று கூறுவது போன்றதே அது. செய்தியோடு துணையும் சேர வேண்டும். அறிவை அளிப்பது தானத்தின் முற்பாதி. அந்த அறிவின்படி நடக்க ஒருவருக்குக் கை கொடுப்பது பிற்பாதி.

மருத்துவத்திலும் இதுவே உண்மை. வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி என்னும் நான்கும் சேர்ந்ததே சிகிச்சை என்று சரகர் வகுத்தார். பணிவிடை செய்பவருக்குரிய தகுதிகளுள், செய்முறை அறிவுடனும் தூய்மையுடனும் அன்பையும் ஒன்றாக அவர் சேர்த்தார். நோயாளிக்குரிய குணங்களுள் ஒன்று, தம் நோயை எடுத்துரைக்கும் ஆற்றல். இதை ஊன்றிக் கவனியுங்கள். நோயாளியும் அறிந்தவரே! தம் உடலின் வேதனை எங்கே, எப்போது, எவ்வாறு என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்? திருவள்ளுவரும் மருந்தின் நான்கு கூறுகளைச் சொல்லும்போது நோயுற்றவரையே முதலில் வைக்கிறார். ஆகவே, கூறுவதற்கு முன் கேட்பதே மருத்துவருக்குரிய முதல் வழிபாடு.

ஆங்கிலேய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் இறுதிநிலை நோயாளிகளின் அருகில் அமர்ந்து அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டவர். வலி என்பது உடலளவில் நிற்பதன்று. உள்ளத்தின் துயரம், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் என்ன என்ற ஆன்மிகத் தவிப்பு ஆகியவையும் சேர்ந்ததே முழு வலி என்று அவர் கண்டார். 1967-இல் லண்டனில் அவர் தொடங்கிய இல்லம் உலகெங்கும் இத்தகைய பணிக்கு வழிகாட்டியாயிற்று. நம் நாட்டில், முன்னர்க் கூறிய அதே கோழிக்கோட்டில், 1993-இல் வலிநிவாரணப் பணி தொடங்கியது. பின்னர் சாதாரண மக்களே சில நாள் பயிற்சி பெற்று, தம் அக்கம்பக்கத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிச் சென்று கவனிக்கலாயினர். தீராத நோயின் நடுவிலும் தனிமை தீர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நோயாளியின் படுக்கையருகே நின்று, 'இது உன் வினைப்பயன்' என்று கூறுவது ஆன்மிகமாகாது. அது புண்ணில் கோல் இடுவதாகும். பிரார்த்தனை செய்தால் போதும், மருந்தை நிறுத்திவிடு என்பதோ பெரும்பாவம். மருந்தும் இறைவன் அளித்ததே. நாம் கொண்டு செல்ல வேண்டியவை பொறுமையான செவியும் உண்மையான சொல்லுமே ஆகும்.

ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு இதற்கு நேரம் ஏது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதனால்தான் இப்பணி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நம் ஒவ்வொருவருக்கும் உரியது. வீடு திரும்பும் நோயாளியின் கையில் உள்ள சீட்டு அவருக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது. எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை உடன் இருங்கள். 2004 முதல் இயங்கிவரும் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம் என்பதை உங்கள் பகுதி உழவருக்குத் தெரிவியுங்கள். 2016-இல் தொடங்கப்பட்ட தேசிய வேளாண் மின்னணுச் சந்தையில் பதிவு செய்யத் தடுமாறும் முதியவருக்கு அரை மணி நேரம் உதவுங்கள். பல ஊர் விலைகளைப் படித்துக் காட்டுங்கள். நான்கு பேர் சேர்ந்து வண்டி பிடித்து விளைச்சலைக் கொண்டு செல்ல வழி இருக்கிறதா என்றும் அவர்களோடு அமர்ந்து பாருங்கள்.

இவற்றைச் செய்யும்போது, 'எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது' என்ற எண்ணம் எழக்கூடும். அதுவே அகங்காரத்தின் வித்து. நமக்குத் தெரிந்தது எல்லாம் யாரோ ஒருவர் பொறுமையுடன் நமக்குச் சொல்லித் தந்ததே. ஆசிரியரும் தாயும் தந்தையும் மறைத்து வைத்திருந்தால் நாம் என்ன அறிந்திருப்போம்? பெற்றதைத் திருப்பிச் செலுத்துகிறோம் என்று எண்ணிச் செய்தால் அச்செயல் யோகமாகிறது. நம் முன் கலங்கி நிற்பவருக்குள் இருந்து கேட்பவனும் இறைவனே, நமக்குள் இருந்து விடை சொல்பவனும் அவனே.

அறிந்ததை ஒளிக்காத நெஞ்சையும், அறியாதவரை இகழாத நாவையும், துன்புற்றவர் அருகில் சற்று நேரம் அமரும் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!