வாடகையை உயர்த்த யாரிடம் உத்தரவு கேட்பது?



சென்ற மாதம் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இன்னும் எமது மேசையிலே கிடக்கிறது. இளைப்பாறிய ஆசிரியை, கணவரை இழந்தவர். தமது வீட்டின் ஒரு பாதியை ஐந்து பேர் கொண்ட குடும்பமொன்றுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது, சிலாகைகளைக் கறையான் அரித்துவிட்டது, மேசனும் தச்சரும் கேட்கும் கூலியோ முன்னைய கூலியல்ல. வாடகையைக் கூட்டப்போவதாகச் சொன்னதும் குடியிருக்கும் பெண் அழுதுவிட்டாளாம். "என் வீட்டு வாடகையை உயர்த்த நான் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும், சுவாமி? இதிலே பாவம் ஏதும் உண்டோ?" என்று கடிதம் முடிகிறது.

வாடகை வாங்குவதிலே பாவம் இல்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வட்டியைக் கடுமையாகக் கண்டித்த புனித தோமஸ் அக்குவினாஸ் அவர்களே, வீட்டின் வாடகையை வேறாக வைத்துப் பார்த்தார். அப்பத்தை உண்டால் அப்பம் தீர்ந்துபோகும். வீட்டில் குடியிருந்தால் வீடு தீர்ந்துபோவதில்லை. ஆகவே வீட்டின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதன் பயன்பாட்டை மட்டும் இன்னொருவருக்கு விலைக்குக் கொடுக்கலாம் என்பது அவரது தீர்ப்பு. ஒற்றிக்குக் காணி கொடுத்து வாங்கிய நம் மூதாதையர்க்கு இந்த வேறுபாட்டைப் படிப்பிக்கத் தேவையில்லை. விளைவை ஒருவர் எடுப்பார். காணி மற்றவருடையதாகவே இருக்கும். புனித சின்னப்பரும் உரோமையில் இரண்டு ஆண்டுகள் தாமே வாடகை கொடுத்துத் தங்கியிருந்தார் என்றுதானே திருத்தூதர் பணி நூல் முடிகிறது! அவரிடம் வாடகை வாங்கிய வீட்டுக்காரரைப் பற்றி அங்கே ஒரு குறையும் சொல்லப்படவில்லை.

ஆயினும் அதே அக்குவினாஸ், நீதியான விலையைப் பற்றிப் பேசுமிடத்தில் நம்மைச் சற்று நிறுத்தி யோசிக்க வைக்கிறார். ஒரு பொருளை இழப்பதனால் விற்பவனுக்கு உண்மையான நட்டம் உண்டென்றால், அந்த நட்டத்தையும் விலையிலே சேர்க்கலாம் என்கிறார். ஆனால் விற்பவனுக்கு நட்டம் ஏதுமின்றி, வாங்குபவனின் அவசரத்தையும் தவிப்பையும் கண்டு மட்டும் விலையைக் கூட்டுவது முறையன்று; ஏனெனில் அந்தத் தவிப்பு விற்பவனுக்குச் சொந்தமானதன்று, தனக்குச் சொந்தமில்லாததை அவன் எப்படி விற்கலாம் என்று கேட்கிறார்.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்தவர்களில் நானும் ஒரு பள்ளிச் சிறுவன். அன்று திண்ணையைத் தந்தவர்களையும் நாம் மறக்கவில்லை. திண்ணைக்கு விலை கேட்டவர்களையும் மறக்கவில்லை. விலை கேட்டவர்களின் திண்ணை முன்னைய வாரத்தைவிட எவ்வகையிலும் பெறுமதி கூடியிருக்கவில்லை. கூடியிருந்தது மழையிலே நின்றவர்களின் தவிப்பு.

ஆக, ஆசிரியை கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கூட்டப்படும் வாடகை எதற்கு விலை? கூரைக்கா, சோலைவரிக்கா, விலைவாசியால் தேய்ந்துபோன ஓய்வூதியத்துக்கா? அல்லது இவர்கள் போக இடமில்லாதவர்கள் என்ற அறிவுக்கா? 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைகள் ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தன. அந்த ஆண்டுக்கு முன் பேசிய வாடகையையே இன்றும் வாங்கும் ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ ஒவ்வொரு மாதமும் தருமம் செய்கிறார். அவரை நாம் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது.

இதை அரசு கையிலெடுத்த காலமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அதற்குட்பட்ட வீடுகளுக்கு இவ்வளவுதான் வாடகை என்று எல்லை வகுத்தது. அடுத்த ஆண்டே வந்த வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம், தங்கியிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதற்கு மேற்பட்ட வீடுகளைக் குடும்பமொன்று வைத்திருக்கக் கூடாது என்றது. பல ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வராமற் காத்தது வாடகைச் சட்டந்தான். ஆனால் பழைய வாடகை கூரை ஓட்டுக்கும் போதாமற்போன வீடுகளை வீட்டுக்காரர் திருத்தவில்லை, குடியிருந்தவரும் திருத்தவில்லை, வீடு இருவர் கண்முன்னே இடிந்தது. வசதி வந்த பின்னும் அந்தச் சொற்ப வாடகையையே கட்டிக்கொண்டு, வேறிடத்தில் தமக்கென வீடு கட்டியவர்களும் நம் மத்தியில் இருந்தார்கள். ஏழையின் பாதுகாப்பை ஏழையல்லாதவன் அனுபவிப்பதும் களவுதான் என்பதைக் குடியிருப்போர் பக்கத்து வாசகர்களும் கவனிக்க வேண்டும். 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஆகவே சட்டப்படி பார்த்தால் நம் ஆசிரியை யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை.

இங்கே ஐக்கிய அமெரிக்காவில் உள்ள ஒழுங்கொன்றைச் சொல்ல விரும்புகிறோம். அங்கே அரசின் உதவியைப் பெற்று, குறைந்த வருமானக்காரருக்கென நடத்தப்படும் வீட்டுத் தொகுதிகளிற் பல, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றின் உரிமையாளர் வாடகையை உயர்த்த விரும்பினால், வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களத்தின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் முன்னரே, குறைந்தது 30 நாட்களுக்கு முன், குடியிருப்பவர்களுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். செலவு இவ்வளவு, வரவு இவ்வளவு என்று காட்டும் பத்திரங்களை அவர்கள் வந்து பார்க்கலாம். தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கருத்துக்களும் விண்ணப்பத்தோடு சேர்ந்து திணைக்களத்துக்குப் போக வேண்டும். அமெரிக்கர் எல்லாவற்றிலும் நமக்கு முன்மாதிரி என்று நாம் சொல்லவில்லை. வீடின்றித் தெருவில் உறங்குவோர் அந்த நாட்டு நகரங்களிலும் உண்டு. குடியிருப்போர் எழுதிக் கொடுத்ததெல்லாம் நிறைவேறிவிடும் என்றுமில்லை. என்றாலும், வாடகை கொடுப்பவர் கணக்கைப் பார்க்க உரிமையுள்ளவர் என்று சட்டமே ஏற்றுக்கொள்வது சிறிய காரியமா?

உரிமையாளர் தம் வீட்டுக்கு ஏன் அங்கீகாரம் கேட்க வேண்டும்? பொதுப்பணம் அந்தக் கட்டடத்தில் கலந்திருக்கிறது என்பது ஒரு காரணம். மற்றது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்க எவருக்கும் தகுதியில்லை என்பது. நல்ல மனிதர்களும் தங்கள் செலவைப் பெரிதாகவும் பிறர் கஷ்டத்தைச் சிறிதாகவும் காண்பார்கள். இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1979ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் புவெப்லா நகரில் பேசுகையில், ஒவ்வொரு தனியுடைமையின் மேலும் சமுதாயத்தின் ஈடு ஒன்று இருக்கிறது என்றார். காணி வாங்கும்போது நொத்தாரிசு முதலில் தேடுவது அதன்மேல் ஈடு ஏதும் உண்டா என்பதைத்தானே. பாப்பரசர் சொன்ன ஈடு எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. அடைத்துத் தீர்க்கவும் முடிவதில்லை. அமெரிக்க அரசு உதவிபெற்ற வீட்டில் அந்த ஈடு எழுத்தில் இருக்கிறது. நம் ஆசிரியையின் வீட்டில் எழுத்தில் இல்லை. வேற்றுமை அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் அவர் கூரை ஒழுக ஒழுகப் பழைய வாடகையையே வாங்கிக்கொண்டிருக்க வேண்டுமா? இதுதான் வில்லங்கமான இடம். இங்கே இருவரும் ஏழைகள். பரிமாற்ற நீதி என்று குருமடத்தில் நாம் படித்தது, கொடுத்ததற்கு ஈடானதைப் பெறச் சொல்கிறது. அதன்படி ஆசிரியையின் பக்கம் நியாயம். பகிர்வு நீதி, தேவைக்கும் இயலுமைக்கும் ஏற்பச் சுமையைப் பங்கிடச் சொல்கிறது. அதன்படி அழுத பெண்ணின் பக்கமும் நியாயம். இரண்டையும் ஒரே கைம்பெண்ணின் பணப்பையிலிருந்து நிறைவேற்ற நினைப்பதே நாம் செய்யும் பிழை. அமெரிக்காவில் செனற்றர் எட்வேட் புறூக்கின் பெயரால் அழைக்கப்பட்ட 1969ஆம் ஆண்டுத் திருத்தம், அரச வீடுகளில் இருப்பவரின் வாடகை அவர் வருமானத்தின் 25 வீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1981இல் அது 30 வீதமாயிற்று. மிகுதியை அரசு தாங்குகிறது. நம்மிடம் அப்படியொரு திறைசேரி இல்லை. பங்குகள் இருக்கின்றன, வின்சன் டி போல் சபை இருக்கிறது. அரிசி மூடையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு குடும்பத்தின் வாடகை வித்தியாசத்தை ஏற்போம் என்று எந்தக் கூட்டத்திலாவது பேசியதுண்டா?

இவ்வளவும் எழுதுகிறவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. இளங்குருவாக நான் இருந்த ஒரு பங்கிலே, முன்னோர் ஏழைகளுக்கென்று எழுதிவைத்த வளவில் ஐந்து சிறு வீடுகள் இருந்தன. கோவில் மதில் வேலைக்குப் பணம் போதவில்லை. நிதிக்குழு கூடியது, வாடகையைக் கூட்டத் தீர்மானித்தோம், கடிதத்தில் நான் ஒப்பமிட்டேன். சட்டப்படி ஒரு குறையுமில்லை. இரண்டு மாதத்தின் பின் ஒரு ஞாயிறு திருப்பலியில், வழக்கமாக மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய் இருக்கும் வாங்கு வெறுமையாக இருந்தது. விசாரித்தபோது, வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்றார்கள். அந்தத் தாய் போகுமுன் இரண்டு முறை அறைவீட்டுக்கு வந்தாராம்; சுவாமி நித்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நான் நித்திரையாகத்தான் இருந்தேன். மதில் வேலை முடிந்தது, இன்றும் நிற்கிறது. அந்த ஐந்து வீட்டாரையும் கூப்பிட்டு, மதிலுக்கு இவ்வளவு குறைகிறது, உங்களால் எவ்வளவு முடியும் என்று ஒரு மாலைப்பொழுது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

ஆகவே அம்மா, உங்களுக்கு எமது பதில் இது. உயர்த்துங்கள், ஆனால் கூரைக் கணக்கை மேசையில் வைத்து, அந்தப் பெண்ணையும் கணவரையும் இருத்திக் காட்டுங்கள். மேசன் சொன்ன தொகையை மறைக்க வேண்டாம்; உங்கள் பென்சனையும் மறைக்க வேண்டாம். அவர்களும் தங்கள் வரவைச் சொல்லட்டும். மூன்று மாத அவகாசம் கொடுங்கள். பள்ளித் தவணை நடுவில் வேண்டாம். கூரை வேலையில் அவர் ஒத்தாசை செய்வாரானால் அதையும் கணக்கில் கழியுங்கள். அப்பாலும் தொகை ஒத்துவராவிட்டால் இருவருமாகப் பங்குத்தந்தையிடம் போங்கள்; அவர் நித்திரையென்றால் எழுப்பச் சொல்லுங்கள்.

எத்தனை வீதம் கூட்டலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கிருந்து எம்மாற் சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றுதான் எம்மிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வரவில்லை. அவர் எழுதுவாரானால் அதையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.